குளத்தில் எத்தனை கணு

மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும் மேக்கீ ஊரில் கேட்கிற முதல் கேள்வி, சோறு தின்னாச்சா என்பதுதான். லேதோ இறங்கி வந்தால் மட்டும் கேள்வி மாறிவிடும். பன்றிக்குத் தவிடு கரைக்கிறவள் கையை உதறிக்கொண்டு கேட்பாள். மிதியுலக்கையில் நெல் குத்துகிறவள் மிதித்த காலை எடுக்காமலேயே கேட்பாள்.

“எத்தனை கணு?”

கேள்வி குளத்தைப் பற்றியது. ஊருக்கு மேலே, இரண்டு முகடுகள் சேருகிற பள்ளத்தில் போன வருடம் வெட்டிய குளம். வீட்டுக்கு ஓர் ஆள் என்று நாற்பது நாள் வெட்டினார்கள். ஓடை இரண்டு மைல் கீழே கிடந்தது. காட்டில் தீப்பிடித்தால் ஓடைக்குப் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி வருவதற்குள் சாம்பலைத்தான் நனைக்க முடியும். அதனால் வானத்துத் தண்ணீரை மேலேயே பிடித்து வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. முகட்டுச் சரிவில் வாய்க்கால் கீறி மழையைக் குளத்துக்குத் திருப்பினார்கள். அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு. சுற்றிலும் எருமை இறங்காமல் முள்வேலி. நடுவில் ஒரு மூங்கில் கழி. மழை ஓய்ந்த அன்று கழியில் ஏழாவது கணுவைத் தொட்டுக்கொண்டு நின்றது தண்ணீர். அன்று ஊரே மேலே ஏறிப்போய் வேடிக்கை பார்த்தது. ஆளாளுக்கு நெல்லுச் சாராயத்தில் ஒரு சொட்டைக் குளத்துக்குத் தெளித்துவிட்டு மிச்சத்தைத் தாங்கள் குடித்தார்கள்.

குளத்திலிருந்து ஒரு குழாய் தீக்கோட்டை ஒட்டிக் கீழே இறங்கும். தீக்கோடு என்றால் மலைச்சரிவில் எட்டு ஆள் கைவிரித்த அகலத்துக்குச் சருகைக் கூட்டித் தள்ளி வைத்திருக்கிற வெற்று மண் பாதை. சருகு இல்லாத இடத்தில் தீ தாண்டாது என்பது கணக்கு. காற்றடித்தால் தாண்டும் என்பது அனுபவம். அதற்குத்தான் குழாய். சாணுக்கு ஒரு துளை. தீ வருகிற அன்று மேலே வால்வைத் திறந்தால் கோடும் கோட்டோரத்துச் சருகும் ஒருசேர நனையும். அதுவரைக்கும் யாரும் ஒரு குவளை மொள்ளக்கூடாது. காப்பிச் செடி கருகினாலும் சரி, கன்றுக்குட்டி நாக்கைத் தொங்கப்போட்டாலும் சரி.

குளத்துக்குக் காவல் லேதோ. ஐந்து மலை தள்ளி மேற்கே இருக்கிற ஈரக்காட்டு ஊர்க்காரன். கீழ்ச்சமவெளியில் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் மூன்று வருடம் கூலிக்கு இருந்தவன். குழாய், திருகு, சொட்டு ட்யூப் எல்லாம் அத்துபடி. அந்தத் தோட்டத்தில்தான் மூவேயைப் பார்த்தான். கரேன் மலைச்சனங்களில் கல்யாணம் ஆனால் ஆண்தான் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். அங்கே ஆம்பிளை எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அதே ஊருக்குள் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை வேறு, ஐந்து மலை தாண்டி வந்த மாப்பிள்ளை வேறு. லேதோ யார் பேசினாலும் பேசி முடித்த பிறகு ஒரு நொடி பொறுத்துத்தான் சிரிப்பான். நாம் சிரிக்கலாமா என்று பார்த்துக்கொள்கிற சிரிப்பு.

அவனைக் காவலுக்கு வைத்தது மூவேயின் அண்ணன் சூநே. ஊருக்குத் தீக்காவல் தலைவன் அவன்தான். கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

“எங்க தங்கச்சி புருசனே இருக்கட்டும். மத்தவன் யாரப் போட்டாலும் அவன் மரத்துப் பக்கம் ரெண்டு துளை கூடப் போட்டுக்குவான். இவனுக்கு இந்தக் காட்டுல சொந்தமா ஒரு மரம் இருக்கா? இல்ல. அப்ப ஓரவஞ்சனையும் இருக்காது.”

கூட்டம் சிரித்தது. லேதோவும் ஒரு நொடி பொறுத்துச் சிரித்தான்.

மரம் என்று சூநே சொன்னது தொப்புள்கொடி மரத்தை. பிள்ளை பிறந்தால் கொடியை ஒரு மூங்கில் குழலில் அடைத்து, அப்பன் கொண்டுபோய் ஊரை ஒட்டிய காட்டில் ஒரு மரத்தில் கட்டவேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு மரம். அன்றிலிருந்து பிள்ளையின் உயிர் பாதி உடம்பில், பாதி அந்த மரத்தில். அதை வெட்டமாட்டார்கள், கிளை ஒடிக்கமாட்டார்கள். மேக்கீயில் பிறந்த அத்தனை பேரும் தீக்கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தத் தோப்பில் மரமாக நின்றார்கள். சூநே ஒரு மரம். மூவே ஒரு மரம். குளம் வெட்டியதே அந்தத் தோப்புக்காகத்தான். வீடு எரிந்தால் மூங்கில் வெட்டி வந்து பத்து நாளில் கட்டிவிடலாம்.

மழைக்காலத்தின் நடுவில் லேதோவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போசே என்று பெயர் வைத்தார்கள். அவன் குழலை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனான். எல்லா மரமும் பச்சையாக நின்றது. அவன் ஊரில் பட்டையில் வெள்ளைத் திட்டு உள்ள ஒரு மரம் உண்டு. வருடம் முழுக்க இலை விழாது. நல்ல காய் காய்க்கும். இங்கேயும் ஒன்று நின்றது, அதே பட்டை, அதே இலை. சந்தோஷமாகக் கட்டிவிட்டு வந்தான்.

குளிர் போய் வெயில் ஏறினபோது அந்த மரம் இலையைக் கொட்ட ஆரம்பித்தது. மேற்கே ஈரக்காட்டில் கொட்டாத மரம் இங்கே காய்ந்த சரிவில் கொட்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லவேண்டியதில்லாத விஷயம் அது. அந்த ஊரில் பிறந்த எந்த ஆணும் அந்த மரத்தில் கட்டமாட்டான்.

அதே வாரம் போசேக்குக் காய்ச்சல் வந்தது.

மாமனார் தூமு இடுப்பு உடைந்து மூன்று வருடமாக மலை ஏறாதவர். அடுப்படியில் உட்கார்ந்து குழாய்ப்புகை இழுத்துக்கொண்டே ஊரில் நடக்கிற அத்தனையும் தெரிந்துகொள்வார். மருமகனைக் கூப்பிட்டார்.

“எந்த மரம்டா அது? வெள்ளத் திட்டா?”

“ஆமா மாமா.”

“இலை கொட்டுதா?”

“கொஞ்சமா.”

“கொஞ்சமா கொட்டுற மரம்னு ஒண்ணு உண்டாடா? மொட்டையாகும் பாரு. பிள்ளைக்குச் சாவு வேணும்னு கட்டினியா, இல்ல கண்ணு தெரியாம கட்டினியா?”

அவிழ்த்து வேறு மரத்தில் கட்டலாமா என்று கேட்டான். அவிழ்த்த கொடி அறுந்த கொடிதான் என்றார் கிழவர். பிறகு புகையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மூவே சோற்றுக்கஞ்சியில் பூசணித்தளிரைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை முதுகுத் துணியில் கிடந்து முனகியது. இரண்டு நாள் சுகாதார நிலையத்து மருந்து கொடுத்தும் விட்டுவிட்டு வந்தது காய்ச்சல்.

மறுநாள் காலையில் மூவே வாசலில் அவன் கையைப் பிடித்தாள். மலைக்குக் கிளம்பியிருந்தான்.

“போசேப்பா, ஏதாவது பண்ணு.”

“என்ன பண்ணட்டும்? மரம்தானே. இலை கொட்டுது.”

“ஸ்ட்ராபெரித் தோட்டத்துல கோடையில ஒரு செடி வாடிப் பாத்திருக்கியா நீ? ஒண்ணு வாடினா மேஸ்திரி உன் கூலியப் பிடிப்பான். அந்த வித்தையெல்லாம் எங்க போச்சு?”

தண்ணீர் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஒரு விரல் கனத்தில் கறுப்பு ட்யூப் மூட்டையில் கிடந்தது, தோட்டத்தை விட்டு வரும்போது கொண்டுவந்தது. பெரிய குழாயில் வால்வுக்கு மேலே சூடு போட்டு ஒரு துளை வைத்து, திருகைப் பொருத்தி, ட்யூபைச் சருகுக்கு அடியில் மறைத்து மரத்தின் வேர் வரைக்கும் இழுத்துவிட்டான். காலையில் போனதும் திருகைக் கொஞ்சமாகத் திறப்பான். சருகு கூட்டி முடிப்பதற்குள் மூடிவிடுவான். நாளைக்கு நாலைந்து வாளித் தண்ணீர். நாற்பது வீட்டு ஆள் வெட்டின குளத்தில் நாலு வாளி ஒரு கணக்கா என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்வான். ஆமாம் என்று பதில் வருவதற்குள் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

மரம் இலை கொட்டுவதை நிறுத்தியது. பத்தாம் நாள் காய்ச்சலும் நின்றது. மருந்தால் நின்றதா, மரத்தால் நின்றதா என்று அந்த வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

குளத்து மேட்டில் மட்டும்தான் போனில் சிக்னல் கோடு விழும். லேதோவுக்கு எழுத வராது. அம்மாவுக்குக் குரலாகப் பேசி அனுப்புவான். பிள்ளை சிரிக்கிறாள், ரெண்டு பல் எட்டிப் பார்க்குது, நான் நல்லா இருக்கேன், எல்லாரும் என்னை மரியாதையா நடத்துறாங்க. மரம் எப்படி இருக்கு என்று அம்மா திரும்பக் கேட்பாள். பச்சையா இருக்கும்மா என்பான். அது பொய்யில்லை. சுற்றிலும் காடு துரு நிறத்தில் நிற்க, அந்த ஒரு மரம் மட்டும் மழைக்காலத்திலிருந்து யாரோ பெயர்த்துக்கொண்டுவந்து நட்டது போல நின்றது.

“இதென்ன மாப்ளே, உன் மக மரம் மட்டும் கொழுத்துப்போய் நிக்குது?” என்று சூநே ஒருநாள் கேட்கத்தான் செய்தான்.

“அடியில ஊத்து ஏதும் ஓடுதோ என்னவோ மச்சான்.”

“ஓடும் ஓடும். வெளியூர்க்காரனுக்குத்தான் ஊத்துக்கண்ணு தெரியுது. நாங்க முப்பது தலைமுறையா இங்க கிடந்து வெறும் மண்ணத்தான் பாத்தோம்.” சூநே சிரித்துவிட்டுப் போனான். அவன் மனைவி தாமே நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மூன்று கலைந்து நாலாவதாக நின்ற கரு. அந்தச் சந்தோஷத்தில் அவன் அந்த நாட்களில் எதற்கும் சிரித்தான்.

பங்குனி வெயிலில் புகை மூடியது. சூரியன் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி செம்புத்தட்டாகத் தொங்கியது. கண் எரிந்தது. துவைத்துப் போட்ட துணியில் புகை வாசம். சுற்றி எங்கோ எப்போதும் எரிந்துகொண்டிருந்ததால் எது பக்கத்துத் தீ, எது தூரத்துத் தீ என்று மூக்குக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று காலை லேதோ கழியைத் தூக்கிப் பார்த்தான். ஈரம் மூன்றாவது கணுவைத் தாண்டி நாலாவதுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. வெயில் குடித்தது பாதி, மற்றது மீதி. அரைக்கணு என்று ஒரு பேச்சு அந்த ஊரில் கிடையாது. வெயிலுக்குப் பயந்து அன்று திருகை முழுக்கத் திறந்துவிட்டு, கீழே சருகு கூட்டுகிறவர்களோடு போய்ச் சேர்ந்தான்.

“எத்தனை கணு?” என்றான் சூநே, குனிந்த தலை நிமிராமல்.

“நாலு.”

“போதும். நாலு இருந்தா சித்திரை முழுக்கத் தாங்கும்.”

இன்னும் வெயில் உச்சிக்கு வரவில்லை. ஊரிலிருந்து எருமைக்கொம்பு ஊதுகிற சத்தம் வந்தது. நீளமாக ஒன்று, இடைவெளி விட்டு ஒன்று. கீழ்வீட்டுப் பெரியவர் போய்விட்டார் என்று புரிந்தது. பத்து நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தவர். எல்லாரும் சருகுவாரியை நின்ற இடத்திலேயே போட்டார்கள். சாவுக்கொம்பு கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஊரைப் பார்த்து நடக்கவேண்டும். திரும்பக்கூடாது, மேலே ஏறக்கூடாது. போகிற உயிர் மலை ஏறிக்கொண்டிருக்கும். எதிரே போனால் அதன் வழியில் நிற்கிறவன் ஆவான். கொம்பு ஊதி மூன்றாம் நாள் முடிகிறவரைக்கும் காட்டில் யாரும் கால் வைக்கக்கூடாது.

லேதோ நின்றான்.

“என்ன மாப்ளே?”

“கத்திய மேல வச்சிட்டு வந்துட்டேன் மச்சான்.”

“கத்தி எங்கயும் ஓடாது. நட.”

சூநே அவன் தோளில் கை போட்டுக்கொண்டான். அன்பாகத்தான் போட்டான். அந்தக் கையோடு லேதோ ஊர்வரைக்கும் நடந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், சருகுக்கு அடியில், ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சாவு வீட்டில் பன்றி அடித்தார்கள். இளவட்டங்கள் சவத்தைச் சுற்றி நடந்து பாடினார்கள். ஒருவன் ஓரடி எடுக்க, ஒருத்தி மறு அடி எடுக்க. வெளியூரிலிருந்து வந்தவன் என்பதால் லேதோவை ஓர் அடி பாடச் சொன்னார்கள். அவன் ஊர்ப்பாட்டு வேறு ராகம் என்று கேலி. அவனுக்கு அடி மறந்துபோயிற்று. பாடுகிறவர்கள் காலெல்லாம் வட்டமாகச் சுற்ற, அவன் காதில் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் காலையில் மூவே விறகு அடுக்குகிற இடத்துக்குப் போய்ச் சொன்னான்.

“திருகு திறந்து கிடக்கு.”

அவள் கை நின்றது. “எப்ப இருந்து?”

“கொம்பு ஊதினதுல இருந்து. நான் போய் மூடிட்டு வந்துடறேன். யாரும் பாக்காத நேரமா.”

“சாவுத்தீட்டுல மலை ஏறுவியா? வழியில பெரியவர் உசுரு நிக்கும். உன்னப் பிடிச்சுக்கிட்டா பரவால்ல, உன் கூடவே இறங்கி வந்து தொட்டில்ல கிடக்கிறதப் பிடிச்சுக்கிட்டா?”

“அப்ப உங்க அண்ணங்கிட்ட சொல்லிடறேன். ஊரா சேர்ந்து ஒரு வழி சொல்வாங்க.”

“என்னன்னு சொல்லுவ? ஊர்த்தண்ணிய எம் புள்ள மரத்துக்கு ரெண்டு மாசமா ஊத்தினேன், இப்ப மூடணும்னா?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் ஒருநாள்தானே. நேத்துதான் அவ வயிறு நிறையப் பால் குடிச்சா. இருக்கட்டும். மரம் குடிக்கட்டும்.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் விறகை அடுக்கத் தொடங்கிவிட்டாள். பயந்தவனுக்குத் தடுக்கிறவள் கிடைத்தால் அதைவிட நிம்மதி ஏது. அவன் திரும்பிப் போய்ப் பாடுகிற கூட்டத்தோடு உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் மதியம் முற்றத்துப் பாயில் காய்ந்துகொண்டிருந்த நெல்லில் சாம்பல் விழுந்தது. தூள் சாம்பல் தினமும் விழுவதுதான். இது இலை இலையாக விழுந்தது. நரம்பு தெரிகிற முழு இலை, தொட்டால் பொடிகிறது. தூமு கிழவர் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “இது நம்ம மூங்கில்” என்றார்.

தீ வந்தால் தீட்டு இல்லை. ஊரே ஏறியது. கீழே மறுசரிவில் யாரோ சோளக்காட்டுத் தட்டைக்கு வைத்த நெருப்பு, காற்றுக்குத் தாவி முகட்டைத் தாண்டியிருந்தது. தீக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பூத்துக் காய்ந்த மூங்கில் புதர் வெடிவெடியாக வெடித்தது. பெண்கள் பச்சைக்கிளையால் அடித்தார்கள். இரண்டு பேர் சருகு ஊதுகிற மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். சூநே வால்வுக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் திறந்தான்.

குழாய் பொருமியது. துளைகளிலிருந்து தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழும்பிக் கோடு முழுக்க விழுந்தது. யாரோ ஓவென்று கத்தினார்கள், சந்தோஷத்தில். வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஓடியிருக்கும். தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு துளைகள் எல்லாம் சேர்ந்து பாம்பு மாதிரிச் சீறின. பிறகு அதுவும் இல்லை.

சூநே மேலே ஓடினான். குளத்தின் அடியில் கறுப்பு விரிப்பு வெயிலில் மினுங்கியது. நடுவில் சேற்றுக்குட்டையாகக் கொஞ்சம் தண்ணீரும் அதில் துள்ளுகிற தவளைகளும். கழியைப் பிடுங்கிப் பார்த்தான். முதல் கணுவுக்குக் கீழே ஈரம். அங்கேயிருந்து கையை உயர்த்தி விரித்துக் காட்டினான். புகைக்குள் அந்தக் கைகள் மட்டும் தெரிந்தன. எல்லாரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். பிறகு லேதோவைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. தீ கோட்டைத் தாண்டிவிட்டது.

தோப்பைக் காக்க முடியாது என்று தெரிந்ததும் சூநே எல்லாரையும் வீடுகளின் பக்கம் இறக்கினான். ஊர் எல்லையில் எதிர்த்தீ வைத்து வீடுகளைக் காப்பாற்றினார்கள். ஆள்சேதம் இல்லை. சூநேயின் இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின. சாயங்காலம் தீ தானாகக் களைத்துப் படுத்தபோது லேதோ சாம்பல் பூசின முகத்தோடு எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தான். வாங்கிக் குடித்தார்கள்.

மறுநாள் காலையில் ஊர் தோப்புக்குப் போனது. மரங்கள் நின்றன, அடியிலிருந்து ஆளுயரத்துக்குக் கரி. மூங்கில் குழல்கள் இல்லை. கரிந்த எந்த மரத்திலும் இல்லை. கட்டின கயிற்றின் தடம் கரியில் வெள்ளைக்கோடாகத் தெரிந்த மரங்கள் உண்டு. அவரவர் மரத்தண்டை அவரவர் போய் நின்றார்கள். சிலர் பட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். கிழவிகள் கூடத் தங்கள் மரத்தைத் தேடிப் போனார்கள், தொலைந்த கோழியைத் தேடுகிற மாதிரி முனகிக்கொண்டே.

தோப்பின் நடுவில் ஒரே ஒரு மரம் பச்சையாக நின்றது. அதைச் சுற்றி ஒரு பாயளவு வட்டத்துக்குப் புல் முளைத்திருந்தது. பன்னிரண்டு மாதமும் நிழலில் வளருகிற பெரணிகூட இரண்டு சுருள் விட்டிருந்தது. மண் காலடியில் பிசுபிசுத்தது. தீ அந்த வட்டத்தின் விளிம்பு வரைக்கும் வந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது. போசேயின் குழல் ஒரு கீறலும் இல்லாமல் தொங்கியது. வட்டத்துக்கு வெளியே கறுப்பு ட்யூப் உருகி, எரிந்த பாம்பு மாதிரி மேலே பெரிய குழாய் வரைக்கும் போனது. யாருக்கும் யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

மூவே அந்த மரத்தைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி இருந்த இன்னொரு மரத்தண்டை நின்றாள். லேதோ பக்கத்தில் போனான்.

“இது என் மரம்,” என்றாள். “எங்கப்பா கட்டினது. இது இங்க இருக்குங்கறதே எனக்கு நெனவு வரல பாரேன்.”

கரியான பட்டையில் விரலை வைத்து எடுத்தாள். விரலை உடுத்துணியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு ஊருக்கு இறங்கினாள்.

கூட்டம் சூநே வீட்டு முற்றத்தில் நடந்தது. கைகளில் துணி சுற்றிக்கொண்டு அவன் படியில் உட்கார்ந்திருந்தான். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் லேதோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெள்ளைத் திட்டு மரம், காய்ச்சல், ட்யூப், கொம்பு எல்லாவற்றையும் அவன் சொன்னான். மூவே தடுத்ததைச் சொல்லவில்லை. மூவே கூட்டத்தின் ஓரத்தில் குழந்தையோடு நின்றாள்; அவளும் சொல்லவில்லை.

“வெயிலும் குடிச்சுது மச்சான்,” என்றான் கடைசியில்.

“குடிச்சிருக்கும்.” சூநே தலையாட்டினான். “வெயில் எத்தன கணு குடிச்சுது, நீ எத்தன கணு ஊத்தின? பிரிச்சுச் சொல்லு. நான் வெயில் மேல போட்டுக்கிறேன்.”

லேதோ இரண்டு விரலை மடக்கிவிட்டு ஒன்றை விரித்தான்.

“எங்கிட்ட கேட்டிருக்கலாமே மாப்ளே. ரெண்டு குடம் ஓடைத்தண்ணி. வீட்டுக்கு ஒருநாள் முறை போட்டா நாற்பது வீடு. உம் பிள்ள எனக்கு மருமக இல்லியா? ஊரே சுமந்துட்டு வந்து ஊத்தியிருக்கும். கேக்கணும்னு உனக்குத் தோணலயே.”

அது உண்மை என்று லேதோவுக்குத் தெரிந்தது. அந்த ஊரில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கலாம் என்பது தெரிவதற்கு அந்த ஊரில் பிறந்திருக்கவேண்டும்.

ஒருவன் காவலுக்கு வேறு ஆள் போடலாம் என்றான். சூநே வேண்டாம் என்றுவிட்டான். “அவனே இருக்கட்டும். குளத்துல எத்தன கணு இருக்குன்னு அவனுக்கு மட்டும்தானே தெரியும்.” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் நாள் மழை வந்தது. எட்டு நாள் முன்னால் வந்திருக்கலாம் என்று அதனிடம் யார் கேட்பது. லேதோ வாய்க்காலைத் தோண்டிச் சாம்பலை வெளியே தள்ளினான். முதல் மழை கறுப்பாக ஓடியது, இரண்டாவது பழுப்பாக. விரிப்பில் சேர்ந்திருந்த சேற்றை ஒற்றை ஆளாக நாலு நாள் வாரினான். திருகு வைத்த துளையை ரப்பரும் கம்பியும் போட்டு அடைத்தான். தண்ணீர் ஏறியது. கழியைப் பார்த்துவிட்டு ஊருக்குள் இறங்கினான். உலக்கை நிற்கவில்லை. தவிடு கரைக்கிறவள் கையை உதறவில்லை. சோறு தின்னாச்சா என்று ஒருத்தி கேட்டாள், எல்லாரையும் கேட்கிற மாதிரி. அவன் தின்னாச்சு என்றான்.

வீட்டில் போசே தவழ ஆரம்பித்திருந்தாள். கன்னம் கொழுத்து, காண்கிறவர்களையெல்லாம் பார்த்து இரண்டு பல்லைக் காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்கிக் கொஞ்சத்தான் செய்தார்கள். கொஞ்சிவிட்டு இறக்கும்போது, “இவளுக்கென்ன,” என்பார்கள். அவ்வளவுதான். மூவே அந்த இரண்டு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தூமு கிழவருக்கு அந்த மழையில் இருமல் கண்டது. என் மரமும் போச்சுல்ல, பிறகு இருமாம என்ன செய்யும் என்று மருமகனிடம் சாதாரணமாகச் சொன்னார்.

சூநேயின் மனைவி தாமேக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் விடிந்து மழை விட்டிருந்த நேரம். லேதோ குளத்து மேட்டில் இருந்தான். சூநே மூங்கில் குழலோடு தோப்புக்குள் வருவது தெரிந்தது. கையில் கட்டு அவிழ்ந்திருந்தாலும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு கரிந்த மரத்தின் பட்டையைச் சுரண்டினான். உள்ளே காய்ந்த சிவப்பு. அடுத்த மரம். அதுவும் அப்படித்தான். அடுத்தது.

லேதோ இறங்கிப் போனான்.

“மச்சான்.”

சூநே நிமிரவில்லை.

“உசுரோட நிக்கிற மரம் இது ஒண்ணுதான். இதுலயே கட்டுங்க. ரெண்டு பிள்ளைக்கு ஒரு மரம் ஆகாதுன்னா, எம் பிள்ளையோடத நான் அவுத்துக்கிறேன்.”

சொல்லிவிட்டானே தவிர அவன் கண் போசேயின் குழலை விட்டு நகரவில்லை. அவிழ்த்த கொடி அறுந்த கொடி. சூநே இப்போது நிமிர்ந்து பச்சை மரத்தைப் பார்த்தான். மழைத்தண்ணீர் அதன் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதைக் கடந்து போய் அடுத்த மரத்தைச் சுரண்டினான். ஏழாவதோ எட்டாவதோ ஒரு மரத்தில், கரிக்கு அடியில், நகக்கண் அளவுக்குப் பச்சை தெரிந்தது. பிழைக்குமா என்று சொல்ல முடியாத பச்சை. அதில் குழலை வைத்து, மடங்காத விரல்களால் கயிற்றைச் சுற்றினான். முடிச்சு விழ வெகுநேரம் ஆயிற்று. லேதோ உதவிக்கு ஒரு எட்டு வைத்தான். சூநே உடம்பைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டான்.

கட்டி முடித்துக் கத்தியை உறையில் போட்டபிறகு, போகிறபோக்கில் கேட்டான்.

“எத்தனை கணு?”

தீ வந்த நாளுக்குப் பிறகு அந்த ஊரில் ஒருவர் கேட்கிற முதல் தடவை.

“ரெண்டு, மச்சான். முழுசா ரெண்டு.”

சூநே ஊர்ப்பக்கம் போகவில்லை. சரிவில் ஏறினான். ஈரச்சாம்பலில் கால் வழுக்க, மரத்தைப் பிடிக்கக் கை உதவாமல், முழங்கையை ஊன்றி ஊன்றி மேலே போனான். லேதோ பச்சை மரத்தடியில் அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, மேலே குளத்தில், தண்ணீரிலிருந்து கழியை உருவுகிற சத்தம் கேட்டது.